உலைக்குப் போன 'உ'

செத்ததைச் செத்தது என்று சொல்ல என்ன பெரிய படிப்பு வேண்டியிருக்கிறது என்று கேட்பவர்களை, கிருமியக்காவின் ஆய்வுக்கூடத்தில் ஒரு வாரம் உட்கார வைக்க வேண்டும். ஆடு செத்தால் தெரிகிறது, மாடு செத்தால் தெரிகிறது. கொசுவை அடித்தால்கூட உள்ளங்கையில் சாட்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் கிடக்கிற கூட்டத்தில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கிறது, எது போய்ச் சேர்ந்துவிட்டது என்று யாராவது சொல்லுங்கள், பார்ப்போம். மூக்கில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்றா பார்க்க முடியும்?

ஊர்த் தண்ணீரைச் சோதிக்கும் அந்த ஆய்வுக்கூடம் பம்பு நிலையத்தின் மாடியில் இரண்டே அறைகளில் இருந்தது. கீழே மோட்டார் ஓடும்போதெல்லாம் மேலே கண்ணாடிக் குழாய்கள் கிணுகிணுக்கும். அங்கே வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியதில் அவளுக்குக் கிருமியக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் குளோரின் கொண்டுவருகிறவர் கூப்பிட்டார், பிறகு அலுவலகமே கூப்பிட்டது, கடைசியில் கட்டின புருஷனும் ஆரம்பித்துவிட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "மகாராணின்னு கூப்பிட்டா மட்டும் பாத்திரம் தானா கழுவிக்கவா போகுது?" என்பாள்.

அந்தச் சமயத்தில் அவள் தலையைக் குடைந்துகொண்டிருந்தது நகர நீச்சல் குளத்து விவகாரம். பெரிய குளத்துக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு வெந்நீர்க் குளம் உண்டு. மூட்டு வலிக்காரர்களும் எலும்பு முறிந்து தேறுகிறவர்களும் அதில் இறங்கிப் பயிற்சி செய்வார்கள். அப்படி வந்த ஒருவருக்குக் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தார். காரணம் லெஜியோனெல்லா என்கிற கிருமி. வெதுவெதுப்பான குழாய்களுக்குள் சொகுசாகக் குடும்பம் நடத்துகிற ஜாதி அது. ஆவியோடும் சாரலோடும் மூச்சுக்குள் போனால் தன் வேலையைக் காட்டிவிடும்.

குளத்தை மூடினார்கள். அதைப் பார்த்துக்கொள்கிறவர், எல்லோருக்கும் குளத்துக்காரர், குளோரினை அள்ளிக் கொட்டினார். குழாய்களில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டார். சுவரைத் தேய்த்ததில் அவருடைய முழங்கைத் தோலே உரிந்தது. அதற்குப் பிறகு தண்ணீரை எடுத்து பிசிஆர் இயந்திரத்தில் வைத்தால், 'இருக்கிறது' என்றது. மறுபடி கொட்டினார், மறுபடி தேய்த்தார். மறுபடியும் 'இருக்கிறது'.

"இன்னும் எத்தனை தடவைம்மா கொல்றது?" என்று போனில் அழாக்குறையாகக் கேட்டார். "அதுக்கு யாராவது சாகாவரம் குடுத்திருக்காங்களா?"

அவர் செத்த பாம்பைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறாரோ என்று கிருமியக்காவுக்குச் சந்தேகம். பிசிஆர் இயந்திரம் எண்ணுவது கிருமியின் டிஎன்ஏவை. அது உயிரோடு இருப்பதிலும் இருக்கும், செத்து மிதப்பதிலும் இருக்கும். போய்ச் சேர்ந்தவர்களின் பெயரையும் சேர்த்து வாசிக்கிற வாக்காளர் பட்டியல் மாதிரி அது. சரி, தட்டில் வளர்த்துப் பார்க்கலாமே என்றால், குளோரினில் அடிபட்ட கிருமி சில சமயம் உயிரை வைத்துக்கொண்டே வளராமல் பாசாங்கு பண்ணும். அதையும் நம்ப முடியாது. இதற்கு நடுவில் மேலிடத்திலிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: அடுத்த சோதனையிலும் 'இருக்கிறது' என்று வந்தால் தரையை உடைத்துக் குழாய்களை எல்லாம் மாற்ற வேண்டும். இந்த வருஷம் குளம் திறக்காது.

இந்த வருஷம் குளம் திறக்காவிட்டால் ஊருக்கு ஒன்றும் குடி முழுகிப்போய்விடாது. கிருமியக்காவின் நாத்தனாருக்குத்தான் முழுகிப்போகும்.

நாத்தனார் பஸ் ஓட்டுகிறவள். டிப்போவில் எண்ணெய் சிந்திய படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததிலிருந்து கைத்தடியும் கையுமாக அண்ணன் வீட்டில் இருந்தாள். தரையில் நாலடி நடந்தால் முகம் சுருங்கிவிடும். வெந்நீர்க் குளத்தில் இறங்கிவிட்டால் தடியில்லாமல் நடப்பாள். தண்ணீரில் நடந்து நடந்துதான் தரையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் டிப்போ டாக்டர் பார்ப்பார். தடியில்லாமல் பஸ் படியேறி, பிரேக்கை முழுசாக மிதித்துக் காட்டினால் ஸ்டியரிங் திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் காலம் முழுக்கக் கண்ணாடிக் கூண்டுக்குள் பாஸ் புதுப்பித்துக் கொடுக்கிற வேலை.

"அதுக்கு நான் பேசாம உங்க மிஷினுக்குள்ளயே போய் உக்காந்துக்கறேன் அண்ணி," என்பாள். குளம் மூடியதிலிருந்து கால் இறுகிக்கொண்டே வந்தது. அண்ணியும் நாத்தனாரும் என்றால் கீரியும் பாம்பும்தான் என்பது ஊர் வழக்கு. இந்த வீட்டில் அந்த வழக்கு செல்லுபடியாகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு நடுவில் மாட்டிக்கொண்ட அந்த மனுஷரைத்தான் படாத பாடு படுத்துவார்கள்.

புதுச் சோதனை ஒன்று வரப்போகிறது என்று கிருமியக்கா சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "ஒரு சாயம் இருக்கு. செத்தவன் வீட்டுக் கதவு திறந்தே கிடக்குமில்ல? உசுரோட இருக்கறவன் சாத்தி வெச்சிருப்பான். இந்தச் சாயம் திறந்து கிடக்கற கிருமிக்குள்ள மட்டும்தான் போகும்."

"திறந்த வீட்டுல நாய் நுழையற மாதிரியா?" என்றார் கணவர்.

"அதேதான். உள்ள போனதும் நீல வெளிச்சம் காட்டினா டிஎன்ஏவைக் கெட்டியா பிடிச்சுக்கும். அப்புறம் மிஷினால அதை எண்ண முடியாது. எண்ண முடிஞ்சதெல்லாம் உசுரோட இருக்கறது."

"நம்ம வீட்டுக் கதவை யாருமே சாத்தறதில்லையே. அப்போ நாமெல்லாம் போய்ச் சேந்தாச்சா?"

"நீ ஆபீஸ்லேருந்து வந்து சோபால விழற அழகைப் பாத்தா எந்தச் சாயத்துக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்ணா," என்றாள் தங்கை. மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். "செத்திருக்குமா அண்ணி?"

"செத்திருக்கும்னுதான் தோணுது. தோணறதை வெச்சு எழுதிக் குடுக்க முடியாதே."

சாயம் வந்தது. சோதனையைத் தனியாகச் செய்ய கிருமியக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. மேலாளரிடம் போய் நேராகவே சொன்னாள். "எங்க வீட்டுப் பொண்ணு போற குளம் சார். நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. குடுக்கையும் கூட நிக்கட்டும்."

குடுக்கை என்பது அவசரக்குடுக்கை என்பதன் சுருக்கம். வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். கிருமியக்காவைவிட ஒரு வயசு மூத்தவர், ஆனால் அக்கா என்றுதான் கூப்பிடுவார். கெட்டிக்காரர், தங்கமான மனுஷர், என்ன, பேச ஆரம்பித்தவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் வேலையை முடித்துவிடுவார். லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுக்காமல் படியேறிப் போய், மேலே லிஃப்டுக்காகக் காத்திருப்பவர்களிடம் வணக்கம் சொல்கிற ஆள்.

இந்தச் சோதனையில் இரண்டு சாட்சிகள் உண்டு. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அதே கிருமியை இரண்டு குழாய்களில் எடுப்பார்கள். ஒன்றை அப்படியே உயிரோடு விடுவார்கள். இன்னொன்றைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கொன்றுவிடுவார்கள். அந்தக் கொதிநீர்த் தொட்டிக்கு எல்லா ஆய்வுக்கூடத்துக்காரர்களும் வைத்திருக்கும் பெயர் உலை. உயிருள்ள சாட்சியைப் பார்த்து இயந்திரம் 'உயிர்' என்று சொல்ல வேண்டும், வெந்த சாட்சியைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல வேண்டும். இரண்டும் சரியாகச் சொன்னால்தான் குளத்துத் தண்ணீரைப் பற்றி அது சொல்வதைக் காதில் வாங்கலாம். கிருமியக்கா வழக்கம்போல ஒரு குழாயில் 'உ' என்றும் இன்னொன்றில் 'செ' என்றும் எழுதி, "இதைக் கொஞ்சம் பாத்துக்குங்க," என்று குடுக்கையிடம் கொடுத்துவிட்டுச் சாயம் கலக்க இருட்டறைக்குள் போனாள்.

மறுநாள் மத்தியானம் முடிவு வந்தது. குளத்துத் தண்ணீர்: உயிர் இல்லை. குளத்துக்கு நீர் தரும் தொட்டி: உயிர் இல்லை.

"அக்கா! எல்லாம் காலி!" என்று குடுக்கை கத்திய கத்தலில் கீழே மோட்டார் பார்ப்பவர் மேலே ஓடி வந்தார். திரையில் அடுத்த வரியைப் பார்க்கவெல்லாம் குடுக்கைக்கு ஏது பொறுமை? போனை எடுத்துக் குளத்துக்காரரைக் கூப்பிட்டுவிட்டார். குளத்துக்காரர் ஒரே மூச்சில் தன் வெந்நீர்க் குளத்து ஆட்களையெல்லாம் கூப்பிட்டுவிட்டார். முதல் ஆள் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

கிருமியக்காவுக்கும் சந்தோஷம்தான், நெஞ்சு நிறையச் சந்தோஷம். அந்த நிறைவோடேயே திரையைக் கீழே நகர்த்திச் சாட்சிகளைப் பார்த்தாள். செ: உயிர் இல்லை. சரி. உ: உயிர் இல்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். உ: உயிர் இல்லை.

வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்தால் இப்படித்தான் இருக்கும். உயிரோடு வைத்த சாட்சியையே செத்தது என்று சொல்கிற சோதனை, குளத்தைச் செத்தது என்று சொன்னால் அதற்கு என்ன மதிப்பு? சாயம் அதிகமாகிப் போனதா, கதவைச் சாத்தி வைத்திருந்தவனையும் உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டதா? அந்தக் கடைசி வரியை அவளைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. நாத்தனார் தண்ணீரில் தடியில்லாமல் நடப்பது கண் முன்னால் வந்து நின்றது. ஒரு நிமிஷம், பொய் சொல்லக் கூடாது, ஒரு நிமிஷம் அவள் கை மேசையிலேயே கிடந்தது. பிறகு போனை எடுத்துக் குளத்துக்காரரைக் கூப்பிட்டாள்.

"திறக்காதீங்க. சோதனை சரியா வரலை."

அந்தப் பக்கம் கேட்ட பெருமூச்சை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்குப் போனால் வாசலிலேயே பை. துண்டு, நீச்சல் உடை, சீப்பு, எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலையைக்கூட இழுத்து வாரியிருந்தாள். செய்தி அவளுக்கு அதற்குள் வந்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"செத்துப் போச்சுன்னு சொன்னாங்க. நீங்கதான் இல்லைன்னு சொல்லிட்டீங்களாம்."

"இல்லைன்னு சொல்லலை. தெரியாதுன்னு சொன்னேன். உசுரோட வெச்சதையே செத்துப் போச்சுங்குது அந்தச் சோதனை. அதை நம்பி உன்னை எப்படி அனுப்பறது?"

"என்னைத்தானே அனுப்பறீங்க? நான் போறேன். எனக்கு வந்தா வரட்டும்!"

"உனக்கு வந்தா எனக்கு வந்த மாதிரிதானே?"

"இந்தப் பேச்செல்லாம் வேண்டாம் அண்ணி. கால் இங்க கட்டையாகிட்டு இருக்கு. நீங்க அந்தக் கிருமிக்குக் காட்டற அக்கறையில பாதி எனக்குக் காட்டினா போதும்." குரல் உடைந்தது. உடைந்தாலும் நிறுத்துகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "அப்படி என்ன கேட்டேன்? கொஞ்ச நேரம் தண்ணியில நடந்துட்டு, அந்தக் கடைசி ஷவர்ல அரை மணி நேரம் உக்காந்துட்டு வருவேன். அதுல சூடா தண்ணி வர்றதுக்குள்ள பொழுதே விடிஞ்சிடும், அதைக்கூட நான் குறை சொன்னதில்லை!"

கைத்தடியைத் தரையில் குத்திக் குத்தி உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு வீட்டில் கதவு சாத்தியிருந்தது. கணவர் சாத்திய கதவையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "உசுரோடதான் இருக்கா, கதவு சாத்தியிருக்கு," என்றார். கிருமியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் பேச்சை விட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் முதல் வேலையாகக் குடுக்கையைப் பிடித்தாள். "நான் குடுத்த ரெண்டு குழாயையும் என்ன பண்ணினீங்க? முதல்லேருந்து சொல்லுங்க, மெதுவா."

"என்ன பண்ணினேன்? உலைல போட்டேன்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான். ஒண்ணுல 'செ'ன்னு போட்டிருந்தது, செத்தது. இன்னொண்ணுல 'உ'ன்னு போட்டிருந்தது, உலை. எங்க பழைய இடத்துல உலைல போடறதுக்கெல்லாம் 'உ'ன்னுதான்க்கா எழுதுவோம். உசுரோட இருக்கறதை நீங்க உள்ள கொண்டு போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

கிருமியக்கா அவரையே பார்த்தாள். "யோவ், 'உ'ன்னா உயிர்யா!"

குடுக்கை தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஐயையோ! அப்போ நான் உசுரை உலைல போட்டுட்டேனா?"

இருவரும் சிரித்த சிரிப்பில் மேலாளர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டு அவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் குடுக்கைக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "அப்படின்னா சாயத்துல தப்பில்லையேக்கா! தப்பு என்னோடது மட்டும்தான். குளத்து முடிவு சரிதானே? திறக்கச் சொல்லிடலாமா?" கை ஏற்கெனவே போன் பக்கம் போய்விட்டது.

அது நியாயமான பேச்சுதான், அதுதான் ஆபத்தும். கிருமியக்கா போனை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "இருக்கலாம். ஆனா உசுர் இருந்தா இந்தச் சோதனை காட்டிக் குடுக்குமான்னு நாம இன்னும் பாக்கவே இல்லையே? காட்டாத கண்ணாடியைப் பாத்து மூஞ்சியில அழுக்கில்லைங்கற மாதிரி ஆகிடும். பதறாத காரியம் சிதறாது. புதுசா தண்ணி எடுத்துட்டு வரலாம், வாங்க."

குளத்துக்குப் போய்க் குளத்திலும் தொட்டியிலும் தண்ணீர் எடுத்தார்கள். குடுக்கை வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கிருமியக்காவுக்குக் கால் நகரவில்லை. ராத்திரி முழுக்க நாத்தனாரின் பேச்சு காதிலேயே இருந்தது. திட்டியதெல்லாம் மறந்துவிட்டது, ஒன்றுதான் மறக்கவில்லை: கடைசி ஷவரில் சூடாகத் தண்ணீர் வருவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

"அந்தக் கடைசி ஷவர் மட்டும் ஏன் சூடாக இவ்வளவு நேரம் ஆகுது?" என்று குளத்துக்காரரைக் கேட்டாள்.

"அது பழைய குழாய்மா. முன்னாடி அந்தப் பக்கம் இன்னொரு அறை இருந்தது. அதை இடிச்சாச்சு, குழாய் மட்டும் சுவத்துக்குள்ள முட்டிட்டு நிக்குது."

"நீங்க கொதிக்கற தண்ணி விட்டீங்களே, அது அங்க போச்சா?"

குளத்துக்காரர் தலையைச் சொறிந்தார். "போயிருக்கணும்," என்றார். 'போயிருக்கணும்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மண்ணும் செய்ய முடியாது என்பது கிருமியக்காவுக்குத் தெரியும். அந்த ஷவரிலும் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டாள்.

இந்த முறை சாட்சிக் குழாய்களில் ஒற்றை எழுத்துச் சுருக்கமே இல்லை. 'உயிர்' என்று முழுசாக எழுதினாள், 'வேகவைக்கணும்' என்று முழுசாக எழுதினாள். குடுக்கை இரண்டையும் வாய்விட்டு இரண்டு தரம் படித்த பிறகுதான் தொட்டார்.

முடிவு வந்தபோது அவள் முதலில் சாட்சிகளைப் பார்த்தாள். உயிர்: உயிர். வெந்தது: இல்லை. அப்பாடா! இப்போது சொல்லு என்பதுபோல் மேலே போனாள். குளம்: இல்லை. தொட்டி: இல்லை. அதற்கு அடுத்த வரி கடைசி ஷவர்.

உயிர். கொஞ்ச நஞ்சமில்லை, சாட்சிக் குழாய்க்குச் சமமாக, கும்பலாக, கொழுகொழுவென்று உயிர்.

குடுக்கை மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "அன்னிக்கே திறந்திருந்தா…" என்று ஆரம்பித்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டார்.

"நீங்க உசுரை உலைல போடலைன்னா திறந்திருப்போம்," என்றாள் கிருமியக்கா. "உங்க அவசரத்துக்கு ஒரு கும்பிடு."

தரையை உடைக்க வேண்டியிருக்கவில்லை. முட்டி நின்ற குழாயை வெட்டியெடுத்து, வெட்டிய இடத்தை அடைத்தார்கள். மற்ற ஷவர்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எல்லாம் சுத்தம் என்று தெரிந்ததும் குளம் திறந்தது.

திறந்த அன்று காலை கிருமியக்காவும் கூடப் போனாள். நாத்தனார் இரண்டு நாளாகப் பேச ஆரம்பித்திருந்தாள், ஆனால் அளந்து அளந்து. உள்ளே போனதும் அவள் நேராகக் கடைசி ஷவர்ப் பக்கம் போய் நின்றாள். அங்கே ஷவர் இல்லை. மூடிபோட்ட குழாய்த் துண்டும், அவள் வழக்கமாக உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான் இருந்தன. கைத்தடியால் அந்த நாற்காலியைத் தட்டினாள்.

"அன்னிக்கு நீங்க சரின்னு சொல்லியிருந்தா இதுலதான் உக்காந்திருப்பேன் அண்ணி."

"தெரியும்."

"அரை மணி நேரம். வாயைத் திறந்து பாட்டு வேற பாடியிருப்பேன்."

"அந்தப் பாட்டைக் கேட்டிருந்தா கிருமி தானாவே செத்திருக்கும்."

நாத்தனார் சிரிக்கவில்லை. கிருமியக்காவின் கையைப் பிடித்து, கொஞ்சம் வலிக்கிற மாதிரியே அழுத்தினாள். "நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க," என்றாள். அந்தக் கையிலேயே கைத்தடியைத் திணித்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

தண்ணீரில் முதல் சில அடிகள் கஷ்டமாகத்தான் இருந்தன. கால் இறுகியிருந்தது. கம்பியை விடாமல் போனாள், பல்லைக் கடிப்பது தெரிந்தது. நடுவில் ஒருமுறை நின்றாள். கிருமியக்கா தடியோடு கரையோரமாகவே இரண்டு எட்டு வைத்தாள்.

"வராதீங்க! அங்கயே நில்லுங்க!" என்று குளத்திலிருந்து குரல் வந்தது. "நானே வரேன்!"

கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். எதிர்க் கரையைத் தொட்டுத் திரும்பி, நெஞ்சளவு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, பஸ்ஸைச் சந்துக்குள் திருப்புகிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அண்ணியைப் பார்த்து நடந்து வந்தாள். கிருமியக்கா தடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

குளத்துக்காரர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கண்ணுல தண்ணியா?"

"உங்க குளோரின்தான்," என்றாள் கிருமியக்கா. "எல்லாம் செத்தாச்சு. இனிமே கொஞ்சம் குறைச்சுப் போடுங்க."